நிரலாளரின் நேரத்தை மிச்சப்படுத்தும் திறமூலக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன நிரலாளர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எடிட்டர், டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும் திரை), கிட் (கோட்டில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) ஆகியவற்றைச் சுற்றி வரும் கேள்விகள் அவை. பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பட்டியலைப் பார்த்தால் நூறு கருவி இருக்கிறது. எதில் தொடங்குவது?

முதலில் பட்டியலை மூடுங்கள். நம் நேரம் கோட் அடிப்பதில் போவதைவிடத் தேடுவதில்தான் அதிகம் போகிறது. இந்த ஃபங்ஷனை யாரெல்லாம் கூப்பிடுகிறார்கள்? இந்தப் பிழைச்செய்தி எந்தக் கோப்பிலிருந்து வருகிறது? போன வாரம் அடித்த அந்த நீளமான கட்டளை என்ன? இந்த வரியை யார், எதற்காக மாற்றினார்கள்? இந்த நான்குக்கும் சட்டென்று பதில் கிடைத்தாலே நாள் இலகுவாகிவிடும். முதல் இரண்டுக்குக் கோப்புகளுக்குள் சொல் தேடும் ரிப்கிரெப், மூன்றாவதற்குப் பழைய கட்டளைகளைத் தேட உதவும் எஃப்இசட்எஃப், நான்காவதற்கு ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கும் கிட். மற்றதெல்லாம் அப்புறம். டெர்மினலுக்கு அழகான நிறம் பூசுவது உட்பட.

கிரெப்தான் இருக்கிறதே, ரிப்கிரெப் எதற்கு?

கிரெப் என்பது கோப்புகளில் சொல் தேடும் பழைய கட்டளை; கென் தாம்ப்சன் 1970களில் பெல் ஆய்வகத்தில் எழுதியது. இன்றும் எந்த சர்வரில் நுழைந்தாலும் அது இருக்கும். அதனால் அதைத் தெரிந்துவைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைய புராஜெக்ட் ஒன்றில் கிரெப்பை விட்டால் வெளி நூலகங்கள் இருக்கும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறை, பில்ட் கோப்புகள், கிட்டின் உள்கோப்புகள் என எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து திரை முழுக்கக் குப்பையைக் கொட்டும்.

ஆண்ட்ரூ கேலன்ட் 2016இல் ரஸ்ட் மொழியில் எழுதி வெளியிட்ட ரிப்கிரெப், கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பைப் படித்து, அதில் விலக்கியிருப்பதைத் தானும் விலக்கிவிடுகிறது. மறைகோப்புகளையும் (பெயர் புள்ளியில் தொடங்குபவை) பைனரிகளையும் (உரையாக இல்லாத கோப்புகள்) தொடுவதில்லை. பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடுகிறது. விஎஸ் கோட் எடிட்டரில் எல்லாக் கோப்புகளிலும் தேடும்போது பின்னால் ஓடுவதும் இதுதான்.

புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. டேட்டாபேஸ் முகவரி எங்கே இருக்கிறது என்று தேடுகிறீர்கள். ரிப்கிரெப் எதுவும் இல்லை என்கிறது. ஆனால் அது அமைப்பு விவரங்களை வைக்கும் என்வ் கோப்பில் இருக்கிறது! அந்தக் கோப்பு கிட்இக்னோரில் இருக்கிறது, பெயரும் புள்ளியில் தொடங்குகிறது. இரண்டு காரணங்களுக்காகவும் தவிர்க்கப்பட்டுவிட்டது. ஒரு ஹைஃபனோடு யு என்ற எழுத்தைச் சேர்த்தால் இக்னோர் விதிகளைப் பொருட்படுத்தாது. இரண்டு யு போட்டால் மறைகோப்புகளையும் பார்க்கும். மூன்று போட்டால் பைனரிகளையும் விடாது. ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால், முடிவுக்கு வருமுன் இரண்டு யு போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

எஃப்இசட்எஃப் என்ன செய்கிறது?

எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும், நீங்கள் அடிக்க அடிக்கச் சலித்துக் காட்டும். ஜுனகன் சோய் எழுதியது. அவ்வளவுதான், ஆனால் அதை டெர்மினலின் கண்ட்ரோல் ஆர் விசையோடு இணைத்துவிட்டால் பழைய கட்டளைகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். கட்டளையின் நடுவிலிருந்து இரண்டு மூன்று துண்டுகள் ஞாபகம் இருந்தால் போதும். ‘டாக்கர்’ என்றும் ‘லாக்’ என்றும் இடைவெளி விட்டு அடித்தால் இரண்டும் உள்ள வரிகள் மேலே வரும்.

இதன் பலன் உங்கள் கட்டளை வரலாறு எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. பாஷ் (டெர்மினலில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்) இயல்பாக 500 கட்டளைகளைத்தான் நினைவில் வைக்கும். ஹிஸ்ட்சைஸ், ஹிஸ்ட்ஃபைல்சைஸ் என்ற இரண்டு அமைப்புகளையும் தாராளமாக ஒரு லட்சம் ஆக்கிவிடுங்கள். வட்டில் இடம் ஒன்றும் குறைந்துவிடாது. அப்படியே ஹிஸ்ட்கண்ட்ரோல் அமைப்பில் இக்னோர்ஸ்பேஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், முன்னால் ஒரு இடைவெளி விட்டு அடிக்கும் கட்டளை வரலாற்றில் பதியாது. கடவுச்சொல்லோ டோக்கனோ உள்ள கட்டளைக்கு அது உதவும்.

கிட்டில் ஆட், கமிட், புஷ், புல் தெரியும். அது போதாதா?

வேலையைக் கமிட்களாக, அதாவது பதிவுசெய்த மாற்றங்களாக, சேமிக்கப் போதும். ஆனால் கிட்டின் உண்மையான லாபம் பின்னோக்கிப் பார்ப்பதில் இருக்கிறது. 2005இல் லினக்ஸ் கெர்னல் குழு அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற மாற்றப் பதிவுக் கருவியின் இலவச அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். சில மாதங்களிலேயே பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டார். உலகெங்கும் இருந்து மாற்றங்கள் வந்து குவியும் ஒரு திட்டத்தில், ‘இது எப்போது உடைந்தது’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. அதற்கென்றே அதில் இருப்பது பைசெக்ட். பலர் வருடக்கணக்காகக் கிட் பயன்படுத்தியும் அதைத் தொட்டதே இல்லை என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

ஓர் உதாரணம். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். சில பில்களில் ஜிஎஸ்டி சேர்த்த மொத்தம் ஒரு பைசா குறைகிறது. போன ரிலீஸில் சரியாக இருந்தது. நடுவில் ஏறத்தாழ 1000 கமிட்கள். ஒவ்வொன்றாகப் படித்தால் ஒரு வாரம் போய்விடும். கிட் பைசெக்ட் ஸ்டார்ட் அடித்து, இப்போதைய நிலை பேட், போன ரிலீஸின் டேக் குட் என்று சொல்லுங்கள். கிட் நடுவில் உள்ள கமிட்டை எடுத்துத் தரும். அதே பில்லைப் போட்டுப் பாருங்கள். சரியா தவறா என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தில் பாதி போய்விடும். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் சுமார் பத்துத் தடவையில் குற்றவாளி கமிட் பெயரோடு வந்து நிற்கும். பெரும்பாலும் யாரோ ஒருவர் ரவுண்டிங்கை வரிக்கு வரி செய்வதிலிருந்து மொத்தத்துக்கு ஒரே தடவை செய்வதாக மாற்றியிருப்பார்.

அந்தப் பத்துத் தடவையும் நீங்கள் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதி பைசெக்ட் ரன் கட்டளையிடம் கொடுத்துவிடலாம். ஸ்கிரிப்ட் 0 என்று முடிந்தால் நல்ல கமிட். 1 என்றால் கெட்டது. 125 என்றால் ‘இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ’ என்று பொருள். பில்ட் ஆகாத கமிட்களுக்கு அந்த 125 அவசியம். கமிட்களைச் சிறிதாக வைக்கச் சொல்லி சீனியர்கள் நச்சரிப்பதற்கும் இதுதான் காரணம்: கடைசியில் சிக்குவது நாற்பது கோப்புகளை மாற்றிய ராட்சத கமிட் என்றால் பைசெக்ட் உங்களை அதன் வாசலில் விட்டுவிட்டுப் போய்விடும்.

இன்னும் இரண்டு. கிட் லாக் கட்டளையோடு ஹைஃபன், பெரிய எஸ் சேர்த்து ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் கோட்டில் சேர்ந்த, நீங்கிய கமிட்களை மட்டும் காட்டும். காணாமல் போன ஃபங்ஷனைத் தேட இதைவிட நல்ல வழி இல்லை. அப்புறம் ரெஃப்லாக், நீங்கள் இருந்த கமிட்களின் குறிப்பேடு. ரீசெட் ஹார்ட் அடித்து கமிட்களைத் தொலைத்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு அது கைகொடுக்கும். எந்த பிராஞ்சிலும் இல்லாத கமிட்களைக்கூட இயல்பாக 30 நாள் வரை அது விட்டுவைத்திருக்கும். கமிட்டே செய்யாத மாற்றங்களை அதனாலும் மீட்க முடியாது.

விம் கற்க வேண்டுமா, விஎஸ் கோட் போதுமா?

போதும். எடிட்டரை மாற்றினால் வேகம் தலைகீழாக மாறிவிடும் என்பதை நான் நம்புவதில்லை. முன்பு ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஆதரவு எழுத வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் விஎஸ் கோடுக்காக உருவாக்கி 2016இல் பொதுவில் வைத்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் அதை மாற்றிவிட்டது. வரையறைக்குத் தாவுவது, பெயர் மாற்றுவது, பிழையைக் கோடிட்டுக் காட்டுவது எல்லாவற்றையும் ஒரு தனி நிரல் பார்த்துக்கொள்கிறது. நியோவிம், ஈமாக்ஸ், விஎஸ் கோட் எல்லாமே அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

ஆனாலும் டெர்மினலிலேயே ஓடும் எடிட்டரான விம்மில் நுழைய, ஒரு வரியைத் திருத்த, சேமித்து வெளியே வரத் தெரிந்திருங்கள். நள்ளிரவில் சர்வரில் அது மட்டும்தான் இருக்கும். எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ, கடைசியில் என்டர். விம்மிலிருந்து வெளியே வருவது எப்படி என்ற கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள் என்று 2017இலேயே அந்தத் தளம் அறிவித்தது. அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1991இல் விம்மை வெளியிட்டு, 2023இல் மறையும் வரை பராமரித்த பிராம் மூலினார், அதற்குப் பணம் கேட்கவில்லை; பிடித்திருந்தால் உகாண்டாவில் உள்ள குழந்தைகளுக்கு உதவுங்கள் என்றார். விம்மைத் திறந்தால் வரும் முதல் திரையில் அந்த வரி இன்றும் வருகிறது.

விஎஸ் கோட் திறமூலம்தானா?

மூலநிரல் தளர்வான எம்ஐடி உரிமத்தில் திறந்திருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நீங்கள் இறக்கும் தொகுப்பு தனி உரிமத்தில் வருகிறது. பயன்பாட்டுத் தகவல் சேகரிப்பும் அதில் உண்டு. அது வேண்டாம் என்றால் அதே மூலநிரலிலிருந்து கட்டப்படும் விஎஸ்கோடியம் இருக்கிறது. அதில் மைக்ரோசாஃப்டின் நீட்சிச் சந்தை கிடையாது. ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற மாற்றுச் சந்தையில்தான் நீட்சிகளை எடுக்க வேண்டும்.

டேபா ஸ்பேஸா என்று கோட் ரிவ்யூவில் தினமும் சண்டை. என்ன வழி?

சண்டையை, கோட்டை ஒரே பாணியில் அடுக்கித் தரும் ஒரு நிரலிடம் ஒப்படைத்துவிடுங்கள். கோ மொழிக்கு கோஃபம்ட், பைத்தானுக்கு பிளாக் அல்லது ரஃப், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரெட்டியர். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் ஷெல்செக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேற்கோள்குறி போடாத வேரியபிளால் இடைவெளியுள்ள கோப்புப்பெயர் இரண்டாகப் பிளந்துபோவது போன்ற பழைய வியாதிகளை அது எண்ணோடும் விளக்கத்தோடும் சுட்டிக்காட்டும். இவற்றை ப்ரீ-கமிட் என்ற கருவி மூலம் கமிட்டுக்கு முன் தானாக ஓடவிட்டால் யாரும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

பழைய புராஜெக்டில் முதல் தடவை ஓட்டும்போது எல்லாக் கோப்புகளும் மாறும். பிறகு, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேம் அடித்தால் எல்லா வரிக்கும் உங்கள் பெயர் வந்து நிற்கும். அந்த மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போட்டு, அதன் அடையாள எண்ணை புள்ளியில் தொடங்கும் கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் என்ற கோப்பில் எழுதி, கிட்டின் அமைப்பிலும் அந்தக் கோப்பைக் காட்டிவிடுங்கள். 2019இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து கிட் இதை மதிக்கிறது, கிட்ஹப்பும் மதிக்கிறது.

சர்வரில் வேலை ஓடும்போது நெட் போய்விட்டால்?

டிமக்ஸ் போடுங்கள். செஷன் சர்வரிலேயே உயிரோடு இருக்கும். திரும்ப உள்ளே போய் டிமக்ஸ் அட்டாச் அடித்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். டேட்டா மைக்ரேஷன் போன்ற நீண்ட வேலையை டிமக்ஸ் இல்லாமல் தொடங்குவது வீண் துணிச்சல்.

ஏபிஐ தரும் ஜேசனைக் கண்ணால் படித்தே களைத்துவிட்டேன்.

இணையத்திலிருந்து தரவை இறக்கும் கர்ல் கொண்டு எடுத்து, ஜேசனைச் சலிக்கும் ஜேக்யூவுக்குள் அனுப்புங்கள். வெறுமனே ஒரு புள்ளி கொடுத்தாலே அடுக்கி, நிறம் பூசித் தரும். மேலும் கற்றால் வடிகட்டலாம், கூட்டலாம், சிஎஸ்வி ஆக்கலாம். அதன் மொழி கொஞ்சம் விசித்திரமானது. பத்து வரிக்கு மேல் போனால் பைத்தானுக்கு மாறிவிடுவது நல்லது.

தமிழ் உரையோடு வேலை செய்கிறேன். தேடினால் சில சொற்கள் கிடைப்பதில்லை. ஏன்?

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். எண்ணிக்கை சொல்லும் டபிள்யூசி கட்டளை விருப்பத்தைப் பொறுத்து 15 என்றோ 5 என்றோ சொல்லும், பைத்தானின் லென் 5 என்று சொல்லும். 3 என்று சொல்ல ஓப்பன்-தமிழ் போன்ற நூலகம் வேண்டும்.

பைத்தானுடன் வரும், உரையில் வடிவம் தேடும் ஆர்இ தொகுதியில் ‘சொல்லெழுத்து’ என்பதைக் குறிக்கும் டபிள்யூ, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘தமிழ்’ என்பதைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு தரும். அப்படிப் பிரித்த துண்டுகளை வைத்துச் சொல் எண்ணிக்கை எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரிப்கிரெப் இந்த விஷயத்தில் யூனிகோடு விதியைப் பின்பற்றுகிறது. முழுச் சொல்லாகவே எடுக்கும். பைத்தானில்தான் செய்ய வேண்டும் என்றால் தனியாக நிறுவ வேண்டிய ரெஜெக்ஸ் தொகுதியில் பெரிய எக்ஸ் குறி, மூன்று எழுத்தாகவே பிரித்துத் தரும்.

அடுத்தது, பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருப்பது. ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறிகளாலும் எழுதலாம். ககரம், எகரக் குறி, துணைக்கால் என்று மூன்று குறிகளாலும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒரு வகையில் அடித்துத் தேடினால் மற்ற வகையில் உள்ளது கிடைக்காது. ரிப்கிரெப்பும் இதைச் சரிசெய்து கொடுப்பதில்லை. உரையை உள்ளே வாங்கும்போதே இப்படிப்பட்ட இரு வகைகளையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிச் சேமித்துவிட்டால் இந்தத் தலைவலி தீரும். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் இதைச் செய்யும்.

என்எஃப்சியும் தீர்க்காத ஒன்று ஔவையார். பலர் ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் சேர்த்து ‘ஒளவையார்’ என்று அடிக்கிறார்கள். யூனிகோடைப் பொறுத்தவரை அது எழுத்துப்பிழை. இரண்டும் சமம் அல்ல. ‘ஒளி’, ‘ஒளவை’ இரண்டும் ஒரே குறிகளில் தொடங்குவதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது. சொற்பட்டியல் வைத்துத்தான் திருத்த வேண்டும்.

அலுவலக லேப்டாப்பில் எதையும் நிறுவ அனுமதி இல்லையே?

இருப்பதை முதலில் பாருங்கள். விண்டோஸில் கிட் நிறுவியிருந்தால் கிட் பாஷும் கூடவே வந்திருக்கும். அதற்குள் கிரெப், செட், ஆக், விம் எல்லாம் இருக்கின்றன. விஎஸ் கோட் இருந்தால் ரிப்கிரெப்பும் உள்ளே இருக்கிறது. ரிப்கிரெப், எஃப்இசட்எஃப், ஜேக்யூ மூன்றும் ஒற்றைக் கோப்பாகவே கிடைக்கும், நிறுவ அட்மின் உரிமை வேண்டாம். ஆனால் முடிகிறது என்பதற்காகச் செய்துவிடாதீர்கள்; ஐடி பிரிவிடம் ஒரு டிக்கெட் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஜிபிஎல் கருவியைப் பயன்படுத்தினால் கம்பெனி கோட்டையும் திறக்க வேண்டுமா?

வேண்டாம். மூலநிரலைத் திறக்கச் சொல்லும் உரிமமான ஜிபிஎல்லில் வரும் எடிட்டரில் எழுதிய கோட், கிட்டில் வைத்த கோட், ஷெல்செக் சோதித்த கோட் எதுவும் ஜிபிஎல் ஆகிவிடாது. ஜிபிஎல் நூலகத்தை உங்கள் நிரலோடு சேர்த்து வெளியே கொடுக்கும்போதுதான் கடமைகள் வருகின்றன.

கவனிக்க வேண்டியது வேறு இடத்தில். நிரல்களைக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர் என்ஜின் திறமூலம்; டாக்கர் டெஸ்க்டாப் அப்படி அல்ல. 2021இல் வந்த விதிப்படி 250 பேருக்கு மேல் வேலை செய்யும் அல்லது வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டும். பாட்மேன் அதற்குத் திறமூல மாற்று. உரிமம் நடுவழியில் மாறுவதும் உண்டு: ஹாஷிகார்ப் நிறுவனம் 2023இல், சர்வர்களை அமைக்க உதவும் டெராஃபார்மின் உரிமத்தை மாற்றியது, பழைய உரிமத்தில் இருந்த கோட்டிலிருந்து பிரிந்த ஓப்பன்டோஃபூ இப்போது லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது.

யார் யாரோ எழுதியதை நம்பலாமா?

கண்மூடித்தனமாக அல்ல. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியபோது, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் (ரகசிய நுழைவழி) இருப்பது வெளியே வந்தது. தனி ஆளாகப் பராமரித்துக் களைத்திருந்தவரிடம் இரண்டு வருடத்துக்கு மேல் நல்லவராகப் பழகி, பொறுப்பை வாங்கிக்கொண்ட ஒருவர் வைத்தது. மூலநிரல் திறந்திருந்ததால் அதைப் பிடிக்க முடிந்தது; ஆனால் திறந்திருந்தும் அது உள்ளே நுழைந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உங்கள் லினக்ஸ் பதிப்பின் களஞ்சியத்திலிருந்தே கருவிகளை எடுங்கள். இணையத்தில் கண்ட ஸ்கிரிப்டை அப்படியே பாஷுக்குள் ஊற்றாதீர்கள்.

ஏஐ எல்லாம் எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு?

கோட் எழுதும் ஏஐ உதவியாளர்கள் பலவும் உள்ளே ரிப்கிரெப்பையும் கிட்டையும்தான் கூப்பிடுகின்றன. அவை என்ன தேடின, ஏன் தவறவிட்டன என்று புரிய உங்களுக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், கோட் வேகமாகக் குவியும்போது எது எப்போது உடைந்தது என்ற கேள்வியும் அடிக்கடி வரும். மேலே பைசெக்டுக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியது அதனால்தான்.

நானும் பங்களிக்க விரும்புகிறேன். எப்படி?

தினமும் பயன்படுத்தும் கருவியிலேயே தொடங்குங்கள். ஆவணத்தில் உங்களைக் குழப்பிய வரியைத் திருத்தி அனுப்பலாம். பிழை தெரிவிக்கும்போது பதிப்பு எண், அடித்த கட்டளை, எதிர்பார்த்தது, வந்தது என்ற நான்கையும் எழுதினால் பராமரிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். தமிழ் உரை உடையும் இடங்களைச் சிறு உதாரணக் கோப்போடு சொன்னால் இன்னும் நல்லது. தமிழ் தெரியாத பராமரிப்பாளருக்கு அந்தச் சிக்கல் தானாகக் கண்ணில் படவே படாது. தமிழில் எழுத ஆசை இருந்தால், கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிடும் கணியம் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே உள்ளதைப் பார்த்துவிட்டு, இல்லாத கருவி ஒன்றைப் பற்றி எழுதி அனுப்புங்கள்.